ஹீட்டர் வேண்டாத ஊரிலிருந்து

1

திருவிழா மலருக்கு எழுதித் தரச் சொல்லி ஊரிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். மலரில் இந்த வருஷம் புதிதாக ஒரு பகுதியாம், 'கடல் கடந்த நம்மவர்' என்று. துபாயிலிருந்து இரண்டு பேர், மஸ்கட்டிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒரு சிஸ்டர் எழுதுகிறார்கள். என் பெயரையும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, அந்தமான் இதுல சேருமா சேராதா? கமிட்டியில ஒரே வாக்குவாதம். இந்தியாதான, பாஸ்போர்ட்டே வேண்டாமேன்னு சொல்லுதாவ," என்றான்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "தம்பி, துபாய்க்காரன் நாலு மணி நேரம் பிளேன்ல தூங்கிட்டு எறங்குதான். நான் மூணு நாள் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே வந்தவன். கடலைக் கடந்தது யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க," என்றேன்.

சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துக்குள் வேண்டுமாம். இது கூடித்தான் போகும். வெட்டுகிறவர்கள் முன்பகுதியில் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

என்னைத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நான் சேவியர். நம் கடற்கரையில் வள்ளத்து இன்ஜின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு போட்டுக்காரர் ஆறு மாசத்துக்கு என்று போர்ட் பிளேருக்குக் கூட்டிவந்தார். ஆறு மாசம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது போர்ட் பிளேருக்கு வெளியே சௌல்தாரியில் ரோட்டோரமாக ஒரு தகர ஷெட். கடலில் ஓடுவதை விட்டுத் தரையில் ஓடுவதைப் பார்க்கிறேன். ஜீப், லோடு ஆட்டோ, பழைய கார் எது வந்தாலும் சரி. என் கூட்டாளி பிமல்தா. வங்காளி. அவர் அப்பா காலத்தில் நிலம் கொடுத்து இங்கே குடியேற்றிய குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசுவது எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத இந்தியில்தான். சண்டை போடுவதும் அதில்தான்.

மனைவி செலின் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஜெனிட்டா, கனடாவில் இருக்கிறாள். இந்தக் கட்டுரை அவளுடைய காரைப் பற்றியது.

2

குளிர் தேசத்தில் இருக்கிற நம்மவர்கள் இந்தப் பகுதியைச் சிரிக்காமல் படிக்க வேண்டும்.

காரில் ஏசி இருப்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே ஹீட்டர் என்றும் ஒன்று இருக்கிறது. இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே போய்த் திரும்பும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும், அதற்குள்தான் போய் வரும். ஃபேன் அதன் மேல் ஊதினால் வண்டிக்குள் சூடான காற்று. பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இங்கே அதை யார் போடப் போகிறார்கள்? டிசம்பர் மாசம் நள்ளிரவுப் பூசைக்கே விசிறி சுற்ற வேண்டிய ஊர் இது. உப்புக் காற்றும், இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்டுக்குப் பதிலாக நாங்கள் ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து முதலில் தின்பது அந்தக் குட்டி ரேடியேட்டரைத்தான். ஓட்டை விழுந்து முன்சீட்டில் இருப்பவரின் காலடி நனையும். புதுசு மாட்ட வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. அதனால் நாங்கள் மாட்டுவதே இல்லை. உள்ளே போகிற இரண்டு ஹோஸையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே ஹோஸை வளைத்து இன்ஜின் பக்கத்து இரண்டு வாயையும் இணைத்துவிடுவோம். தண்ணீர் உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிடும். இதற்கு ஹீட்டர் பைபாஸ் என்று பெயர். இருபது நிமிஷ வேலை.

ஒழுகாத வண்டிக்கும் முன்கூட்டியே செய்யச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஒழுகுகிற சாமான் ஒன்று குறைந்தது என்று சந்தோஷமாகப் போவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூடத் திரும்பி வந்து, என் ஹீட்டர் எங்கே என்று கேட்டதில்லை.

3

ஜெனி பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் வாசல் உள்ளே நகர்ந்து நகர்ந்து அடுப்படிவரைக்கும் வந்துவிட்டது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இந்தியில் பதில் சொல்வாள். அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் நான் நம்மூர்ப் பெயரை எழுதினேன். "அப்பா, அங்க நான் மொத்தமா நாப்பது நாள்கூட இருந்ததில்ல," என்று அடித்துவிட்டு சௌல்தாரி என்று எழுதினாள். அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று அந்த ஃபாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி புதுசு வாங்கி, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி சௌல்தாரி என்றே எழுதினோம். இப்போது கனடாவில் அதே கட்டத்தில் என்ன எழுதுகிறாளோ, நான் கேட்கவில்லை.

படிப்பு முடிந்து ஒண்டாரியோவின் வடக்கே ஒரு சின்ன ஊரில், ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. முதல் குளிர்காலம் பஸ்ஸிலேயே போய்வந்தாள். வசந்தத்தில் ஒரு பழைய கார் வாங்கினாள்.

ஜூலையில் போன் வந்தது. அங்கே அப்போது நல்ல வெயில். பக்கத்து சீட்டின் காலடி விரிப்பு நனைந்திருக்கிறது, தித்திப்பாக ஒரு வாடை வருகிறது என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்னே என் வாய் சொல்லிவிட்டது: "ஹீட்டர் லீக். அது வேண்டாத லைன்மா. பைபாஸ் பண்ணிரு."

படம் வரைந்து அனுப்பினேன். பிள்ளை கடைக்குப் போய் ஹோஸும் கிளாம்பும் வாங்கி, வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தித் தானே செய்து முடித்துவிட்டாள். கையெல்லாம் கிரீஸோடு நின்று ஒரு போட்டோ அனுப்பினாள். அதை நான் பிமல்தாவுக்குக் காட்டினேன், டயர் பஞ்சர் ஒட்ட வந்தவனுக்குக் காட்டினேன், மீன் கொண்டுவருகிற ஆளுக்கும் காட்டினேன்.

கனடா குளிர் தேசம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வண்டி என்று வந்துவிட்டால் என் தலை இந்தத் தீவை விட்டு வெளியே போகாது. அவளும் தீவில் வளர்ந்தவள்தானே, அவளுக்கும் தோன்றவில்லை.

4

ஜனவரி மாசம் ஒரு சாயங்காலம் அவள் வீடியோவில் வந்தாள். அவளுக்குக் காலை ஏழு என்றால் எனக்கு மாலை ஐந்தரை. இங்கே அதற்குள் இருட்டிவிடும், ஷெட்டில் விளக்குப் போட்டிருந்தேன். அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். தொப்பி, மப்ளர், கோட்டு எல்லாம் போக மூக்கும் கண்ணும்தான் வெளியே தெரிந்தது.

"சொல்லு ஜெனி, என்ன விஷயம்?" என்றேன்.

"அப்பா, ஹீட்டர் சரியில்ல. பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து பஸ்லதான் போனேன், இப்பத்தான் மறுபடி வண்டிய எடுக்குறேன். ஹவா வருது, ஆனா பில்குல் டண்டா," என்றாள். காற்று வருகிறது, ஆனால் ஒரே சில்லிப்பு.

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை போட்டோ அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. ஹீட்டருக்குத் தண்ணீரே போகவில்லை, போகாமல் செய்ததே நான்தான். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது இது: "கூலன்ட் கொறஞ்சிருக்கும். இன்ஜின் சூடா இருக்கும்போது மூடியத் தெறக்கக் கூடாது. நாளைக்கு ஸ்டார்ட் பண்ணுததுக்கு முன்னால கூலன்ட் பாட்டில்ல அளவு பாத்துட்டுக் கூப்பிடு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க, போன் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

5

நான் வந்த புதிதில் இங்கிருந்து ஊருக்குப் பேசுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எஸ்.டி.டி. பூத்தில் வரிசை. லைன் கிடைத்தால் இரைச்சல். நாம் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் மீட்டரில் சிவப்பு எண் இரண்டு தடவை மாறிவிடும். அதனால் பூத்துக்கு வருகிற எல்லோர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பேச வேண்டிய விஷயங்களை வரிசையாக எழுதிக்கொண்டு வருவோம். ஒன்று முடிந்தால் ஒன்றை அடிப்போம். சீட்டு தீர்ந்தால் போனை வைத்துவிடுவோம். மெயின்லேண்டில் உறவு உள்ள எல்லா சாதி சனத்துக்கும் இங்கே அதுதான் பழக்கம்.

ஊரில் நம் பங்குச் சாமியார் வீட்டு போனுக்குத்தான் கூப்பிடுவேன். அப்பாவைக் கூட்டிவர ஆள் போகும். மறுபடி கூப்பிடும்போது அப்பா மூச்சு வாங்க வந்து எடுப்பார். எடுத்ததும் ஒரே கேள்விதான். "சொல்லு, என்ன விஷயம்?"

ஒருதடவை எனக்கு மலேரியா வந்து எழுந்திருந்த சமயம். சீட்டு எழுதாமல் போய் வரிசையில் நின்றேன். அப்பா கேட்டார். "ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான்," என்றேன். பிறகு, "உண்மையச் சொல்லுல, என்ன ஆச்சு?" என்று கத்தினார். சும்மாதான் என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. லைன் போய்விட்டது. பத்து நாளில் என் அண்ணன் பெட்டியோடு போர்ட் பிளேர் துறைமுகத்தில் வந்து இறங்கினான். நான் சாகக் கிடக்கிறேன் என்று அப்பா அனுப்பி வைத்திருந்தார். நான் அன்றைக்கு லேத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு முதலில் அழுதான், அப்புறம் அடித்தான்.

அதற்குப் பிறகு சும்மா கூப்பிட்டதே இல்லை.

இப்போது கடலுக்கடியில் கேபிள் வந்து, உலகத்தில் எந்த மூலைக்கும் முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் என் வாயிலிருந்து அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. செலின் இருந்தவரைக்கும் குறை தெரியவில்லை. அவளும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள், ஒரு விஷயமும் இருக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதில் எனக்குத் திருப்தி இருந்தது. செலின் போன பிறகு போன் என் கைக்கு வந்தது. நான் என்ன விஷயம் என்று கேட்பேன், ஜெனி விஷயத்தைச் சொல்வாள், விஷயம் முடிந்துவிடும். விஷயம் இல்லாத வாரத்தில் போனும் இல்லை. அப்படி மூன்று வாரம், நாலு வாரம் போனதுண்டு.

அந்த நேரத்தில்தான் ஹீட்டர் வந்தது. அதைவிட நல்ல விஷயம் எனக்குக் கிடைக்காது என்று தோன்றியது. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

6

இரண்டாம் நாள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். கூலன்ட் சரியாக இருந்தது. "அப்போ தெர்மோஸ்டாட்டா இருக்கும்," என்றேன். இன்ஜின் தண்ணீர் சூடேறும்வரை அடைத்து வைத்திருக்கும் வால்வு அது. இன்ஜினை ஓட விட்டு, சூடு காட்டுகிற முள் நடுவரைக்கும் ஏறுகிறதா என்று பத்து நிமிஷம் பார்க்கச் சொன்னேன். முள் ஏறட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் பேசினாள். வேலை செய்யும் இடத்தில் கூடச் சாப்பிட உட்காரும் பெண் வேறு ஊருக்குப் போய்விட்டாளாம். இப்போதெல்லாம் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறாளாம். முள் நடுவில் வந்து நின்றது. தெர்மோஸ்டாட்டில் கோளாறு இல்லை. எனக்குத் தெரியும், இருக்காது.

மூன்றாம் நாள், குளிர்-சூடு குமிழைத் திருகி, டேஷ்போர்டுக்குள் தகடு திரும்பும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். போனை டேஷ்போர்டில் ஒட்டி வைத்தாள். டிக், டிக் என்று நன்றாகவே கேட்டது. அன்றைக்குச் செலினின் நினைவு நாள். காலையில் நான் பூசைக்குப் போய்வந்திருந்தேன். அதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள், முந்தின சாயங்காலம் ரூமில் அம்மா போட்டோவுக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றினாளாம். கூரையில் இருந்த புகை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டவும் ஊதி அணைத்துவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் குமிழை மறுபடி மறுபடி திருகினாள், நான் டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள், டேஷ்போர்டில் சாமான் போட்டு வைக்கிற பெட்டியைக் கழற்றி உள்ளே இருக்கிற ஃபில்டரைப் பார்க்கச் சொன்னேன். அதற்கும் ஹீட்டருக்கும் பெரிய சம்பந்தமே கிடையாது. உள்ளேயிருந்து காய்ந்த இலைகளும், முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் வீட்டு ஒற்றைக் கையுறையும் வந்தன. குழந்தைக் கையுறை. அதை என்ன செய்வது என்று கேட்டாள். எறிய மனசில்லாமல் திரும்ப அங்கேயே வைத்துவிட்டாள்.

நான்கு நாளும் நான் மதியத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை மாற்றிக்கொண்டேன். ஒரு சீட்டில், நாளைக்கு என்ன சோதிக்கச் சொல்லலாம் என்று எழுதி வைத்துக்கொண்டேன். அதில் ஃபியூஸ், ரிலே, வயரிங் என்று இன்னும் ஒரு வாரத்துக்குச் சரக்கு இருந்தது. எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்கிற கேள்வியை மட்டும் நான் கேட்கவே இல்லை. பானட்டைத் தூக்கி, ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார், சூடாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் தொட அங்கே ஹோஸ் இல்லை என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

பிமல்தா டயரைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் போனை வைத்ததும் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"சேவியர் பாய், ஜூலை வாலா பைபாஸ் பூல் கயே க்யா?" என்றார். ஜூலையில் செய்த பைபாஸை மறந்துவிட்டாயா என்று.

"மறக்கல," என்றேன், தமிழில். அவருக்குப் புரிந்தது.

"தோ பேட்டி கோ க்யோ குமா ரஹே ஹோ?" அப்புறம் ஏன் பிள்ளையைச் சுற்றலில் விடுகிறாய்?

"தும் அப்னா காம் கரோ," என்று எரிந்து விழுந்தேன். உன் வேலையைப் பார். அவர் பார்த்தார். டீக்கும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என்னை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனது அதுதான் முதல் தடவை.

குளிரினால் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். நல்ல கோட்டு போட்டிருக்கிறாள், கையுறை போட்டிருக்கிறாள், அரை மணிப் பயணம். குளிரை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டிக்குள் கை விட்டு மீன் எடுத்ததுதான் எனக்குத் தெரிந்த குளிர்.

7

ஐந்தாம் நாள் அவள் கால் மணி தாமதமாக வந்தாள். வண்டிக்குள்தான் இருந்தாள். முகம் வெளிறியிருந்தது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. வெளியே பனியா என்று கேட்டேன்.

"வெளியே இல்லப்பா, உள்ள," என்றாள். "நான் விடுற மூச்சு கண்ணாடியில உறைஞ்சிருது. ஒரு பழைய கார்டு வச்சி சுரண்டிக்கிட்டே ஓட்டுறேன். சுரண்டச் சுரண்ட மறுபடி மூடிக்குது."

"சுரண்டிக்கிட்டே ஓட்டுறியா?"

"ஹீட்டர் காத்து கண்ணாடிக்குப் போனாத்தான் வழி தெரியும். இங்க ஹீட்டர் அதுக்குத்தான். நேத்து சாயங்காலம் ஸ்கூல் கிட்ட ஒரு அம்மா சின்னப் பிள்ளையக் கையில பிடிச்சிக்கிட்டு ரோட்டக் கடந்தாங்க. எனக்குத் தெரியல. கடைசி நிமிஷத்துல பிரேக் போட்டேன். வண்டி வழுக்கிக்கிட்டே போச்சு. இவ்ளோதான் இடைவெளி." கையுறை போட்ட இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒரு முழம்கூட இல்லை. "இன்னிக்கு ஓட்டவே பயமா இருக்கு. ஃபியூஸ் பாக்கணும்னு சொன்னீங்களே, அது எங்க இருக்கு?"

ஹீட்டர் என்பது சுகத்துக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நான் கைநிறையச் சேர்த்து வைத்திருந்த ஐந்து நாளில் ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் என் மகளும் ஒரு முழத்தில் தப்பியிருக்கிறார்கள்.

"ஃபியூஸ் பாக்க வேண்டாம்," என்றேன். "வண்டிய எடுக்காத. இன்னிக்கு பஸ்ல போ."

"ஏன்?"

"ஜூலையில ஒரு ஹோஸ் மாத்துனியே. அதான். ஹீட்டருக்குப் போற தண்ணிய நாமதான் அடைச்சிட்டோம். நான்தான் அடைக்கச் சொன்னேன்."

அவள் யோசிப்பது தெரிந்தது. "நானே செஞ்சேனே. எனக்கும் தோணலயே," என்றாள். சற்றுப் பொறுத்து, "உங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவளே வழியும் விட்டுக் கொடுத்துவிட்டாள்.

"இல்ல," என்றேன். "மொத நாளே தெரியும்."

"மொத நாளேவா?"

"ஆமா."

"அப்போ கூலன்ட், தெர்மோஸ்டாட், அந்த ஃபில்டர்... எல்லாம்?"

"சும்மா."

"ஏன்ப்பா?" என்றாள். கோபம் இல்லை அந்தக் குரலில். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"விஷயம் முடிஞ்சிட்டா நீ போனை வச்சிருவ," என்றேன்.

அவள் இன்ஜினை அணைத்தாள். பிறகு படம் போய்விட்டது.

8

அன்றைக்கே, ஒர்க்‌ஷாப்பில் காட்ட வேண்டியதை எல்லாம் எழுதி அனுப்பினேன். பைபாஸை எடுத்துவிட்டு ஹீட்டர் ரேடியேட்டரைப் புதுசாக மாட்ட வேண்டும், இரண்டு ஹோஸும் புதுசு போட வேண்டும் என்று படத்தோடு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

நாலு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. அரை நிமிஷம்தான். டேஷ்போர்டில் காற்று வரும் ஜன்னலில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைச் செருகியிருந்தாள். அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் முன்கண்ணாடி துல்லியமாக இருந்தது. தெரு தெரிந்தது, பனிக் குவியல் தெரிந்தது, ஒரு நாய் போனது. அவள் முகம் இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. பிமல்தாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "டீக் ஹை," என்றார். சரிதான் என்று. அவர் என்னோடு மறுபடி டீ குடிக்க ஆரம்பித்தது அன்றையிலிருந்துதான்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வண்டி சரியாகிவிட்டது, வர வேண்டிய காரணம் இல்லை. ஐந்தரை ஆகும். நான் சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவேன். ஆறு ஆகும். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேச்சுத் துணைக்கு டிவியில் ஏதாவது இந்திச் செய்தி. ஒரு நாள் நானே விஷயம் உண்டாக்கிப் பார்த்தேன். வீட்டு வரி ரசீது எங்கே வைத்தாய் என்று கேட்கலாம் என்று சீட்டில் எழுதினேன். ரசீது என் மேஜை டிராயரில்தான் இருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

அந்த வீடியோ வந்து பன்னிரண்டாம் நாள். ஐந்தே முக்கால். ஷெட்டில் விளக்குப் போட்டாயிற்று, பிமல்தா கை கழுவிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து அவள் பெயரை அழுத்தினேன். கையில் சீட்டு இல்லை. அந்த மலேரியாவுக்குப் பிறகு சீட்டு இல்லாமல் நான் யாரையும் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும். பின்னால் ஹோ என்று ஒரு இரைச்சல்.

"சொல்லுங்கப்பா," என்றாள். "என்ன விஷயம்?"

அப்படியே என் அப்பாவின் குரல். மூச்சு வாங்க ஓடி வந்து எடுத்தது போல. என்னிடமிருந்துதான் அவளுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு நான் இத்தனை வருஷமாகக் கொடுத்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன். "சும்மாதான்."

இரைச்சல் மட்டும் கேட்டது. எங்கே இவளும் என் அப்பாவைப் போலப் பயந்துவிட்டாளோ என்று தோன்றியது. "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்," என்று அவசரமாகச் சொன்னேன். "உன்கிட்டப் பேசணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

"அப்பா, இருங்க," என்றாள். "வண்டி நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. ஹீட்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஃபேனக் கொறைக்கிறேன்."

இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து நின்றது.

"இப்ப சொல்லுங்க," என்றாள்.